ஒன்பதாம் நம்பர் செருப்பு

ஆகஸ்ட் 5, திங்கள்

நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக் காலை வரை அது என் இதயத் துடிப்பை விடாமல் பதிவு செய்யுமாம். குளிக்கக் கூடாது. என்ன செய்கிறேன், எப்போது படபடக்கிறது என்று நானும் கூடவே எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள். வயர் ஒட்டிய பெண், "பெருசா ஒண்ணும் வேண்டாங்க்கா, நடந்தேன், படுத்தேன்னு எழுதுனாப் போதும்" என்றாள். பேசியே சம்பளம் வாங்கியவளிடம் போய் இப்படிச் சொல்கிறாள். தொலைபேசி நிலையத்தின் விசாரணைப் பிரிவில் தலைமுடி நரைக்கும் வரை உட்கார்ந்தவள் நான். தாளில் அவள் கேட்டதை எழுதிவிட்டேன். மீதிக்கு இந்த டைரி. தம்பி குமாரசாமி பொங்கலுக்குக் கொடுத்தது. இத்தனை நாள் எண்ணெய்ப் பாட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஜூன் மாதத்திலிருந்து இந்தப் படபடப்பு. சும்மா நிற்கும்போதே நெஞ்சுக்குள் பானையில் விழுந்த தவளை மாதிரி ஏதோ துள்ளும். பிறகு அதுவே அடங்கும். சில நாள் அடங்க நேரமாகும்.

காலையில் தோசைக்கு ஊறப்போட்டேன். பால்கனிக் கொடியில் ஆண்கள் சட்டை ஒன்றை நனைத்துக் காயப்போட்டேன். மதியம் அடுப்படியில் நின்றபோது தவளை ஆரம்பித்தது. உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஃபோன். லோன் வேண்டுமா என்று ஒரு பெண். வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கலாம். எந்த ஊர் என்று கேட்டேன். தர்மபுரிப் பக்கமாம். சாப்பிட்டியா என்றேன். இன்னும் இல்லையாம், ஹாஸ்டல் ரசம் வாயில் வைக்க விளங்கவில்லையாம். ரசப்பொடிக்கு என்னென்ன வறுக்க வேண்டும் என்று சொன்னேன். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். வைத்த பிறகுதான் கவனித்தேன், தவளை எப்போதோ அடங்கியிருந்தது. தாளில் "ஃபோன் பேசினேன்" என்று மட்டும் எழுதினேன்.

சட்டை விஷயத்தை எழுதிவிடுகிறேன். வயர் ஒட்டும்போது அந்தப் பெண் "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்டாள். "நானும் வீட்டுக்காரரும்" என்றேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. வாய் அப்படிப் பழகிவிட்டது. அம்மா இறந்த பிறகு இந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒற்றையாக இருக்கப் போகிறேன் என்றதும், கூட வேலை பார்த்த சுந்தராம்பாள் ஒரு யோசனை சொன்னாள். "வாசல்ல ஒரு ஜோடி ஆம்பளச் செருப்பு போட்டு வையி. கொடியில ஒரு சட்டை தொங்கட்டும். ஒருத்தன் கிட்ட வரமாட்டான்." பெரிய கடை வீதிக்குப் போய் ஒன்பதாம் நம்பரில் தோல் செருப்பு வாங்கினேன். கூரியர் வந்தால், கதவைத் திறக்கும் முன் வீட்டுக்குள் பார்த்து, "நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்" என்று குரல் கொடுப்பேன். அவருக்குப் பெயர் வைக்கவில்லை. மனதுக்குள் செருப்புக்காரர். ஒரு நாளும் அதட்டியதில்லை, குழம்பில் உப்புக் குறை என்று சொன்னதில்லை. இப்படி ஒருவர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

தனியாக இருக்கிறேனே தவிர, தனிமை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அத்தனை வருடம் ஊர் முழுக்கப் பேசியாயிற்று. இப்போது காதுக்கு ஓய்வு.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெட்டியைக் கழற்றினார்கள். ஒட்டியிருந்த இடமெல்லாம் அரிப்பு. ஆட்டோக்காரர் கேட்காமலே லிஃப்ட் வரை கொண்டுவந்து விட்டார். நன்றாக இருக்கட்டும்.


ஆகஸ்ட் 9, வெள்ளி

டாக்டர் பானு சின்ன வயது. ஆனால் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசாமல் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். அதற்கே ஒரு கும்பிடு.

"இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்மா. இதயத்தோட மேலறை ஒழுங்கா சுருங்காம அப்பப்போ நடுங்குது. அந்த நேரத்துல ரத்தம் அங்க தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். அதனால ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது."

வைத்தியமும் சொன்னார். தப்பான இடத்திலிருந்து கரண்ட் கிளம்புகிறதாம். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அந்த இடத்தைச் சுட்டு அணைத்துவிடலாமாம். இருபத்தொன்பதாம் தேதி வரச் சொன்னார்.

சர்க்கரை, பிரஷர், தூக்கம், எல்லாம் விசாரித்தார். பிறகு, "இன்னொண்ணும் எல்லார்கிட்டயும் கேக்கறேன். தனிமைக்கும் இந்த மாதிரித் துடிப்புக் கோளாறுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கேக்காம விடறதில்ல" என்று சொல்லி, என் ஃபைலைப் புரட்டினார். "உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டுக்காரர் இருக்காரே."

நான் தலையாட்டினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, எனக்குப் புருஷன் இல்லை, செருப்புதான் இருக்கிறது என்று எப்படி ஆரம்பிப்பது?

"அன்னைக்கு அவரையும் கூட்டிட்டு வந்துடுங்க. அட்டெண்டர் இல்லாம அட்மிஷன் போட மாட்டாங்க. கூடவே தங்கணும்."

வரும் வழியில் மாத்திரை வாங்கினேன். அவரை எங்கே போய் வாங்குவது என்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஓசூரிலிருந்து தம்பி பேசினான். அவன் மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி, நடை பழகுகிறாள். கடையையும் பார்த்து, சமையலையும் பார்க்கிறான். "நீ எப்படி இருக்கறக்கா?" என்றான். "எனக்கென்ன சாமி, ஜம்முனு இருக்கறேன்" என்றேன். இரண்டு முறை நெஞ்சு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் குக்கர் விசில் அடித்தது, வைத்துவிட்டான்.


ஆகஸ்ட் 15, வியாழன்

கீழே கொடியேற்றினார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் சாக்லேட் கொடுக்கும்போது, "சார் வரலீங்களா?" என்றார். "அவருக்கு வெயில் ஆகாதுங்க" என்றேன். "அப்ப சாருக்கும் ஒண்ணு" என்று இன்னொன்று வைத்தார்.

எனக்கு அடுத்து எதிர்வீட்டு அம்மா நின்றார். தை மாதம் குடிவந்தவர், ஞானப்பூ என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம். அவரிடமும் அதே கேள்வி. "அவுகளுக்குக் கால் வலி, கீழ எறங்க மாட்டாவ" என்றார். அவருக்கும் இரண்டு சாக்லேட்.

அந்த வீட்டு மனிதரை நான் பார்த்ததே இல்லை. வாசலில் அவருடைய கறுப்பு ஷூ எப்போதும் பளபளவென்று இருக்கும். ஆள் கண்டிப்பானவர் போலிருக்கிறது. காலையிலிருந்து அவர் குரல்தான் கேட்கும், ஓயாமல் பேசுவார். அந்த அம்மா பதில் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. எப்படித்தான் சமாளிக்கிறாரோ.

லிஃப்டில் நாங்கள் இருவரும் கையில் இரண்டிரண்டு சாக்லேட்டுடன் நின்றோம். சிரித்தார், சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் நானே தின்றேன்.


ஆகஸ்ட் 17, சனி

சட்டை காயவில்லை. மழை.


ஆகஸ்ட் 24, சனி

சாயந்தரம் குப்பை வைக்கப் போனபோது எதிர்வீட்டு அம்மா வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. சனிக்கிழமை தவறாமல் இந்த வேலை. வெளியே இறங்காத மனிதருக்கு எதற்கு இவ்வளவு பாலிஷ் என்று தோன்றியது. ஆனால் அது அவர்கள் வீட்டு விஷயம்.

"நல்லா மினுங்குதுங்க" என்றேன்.

"அவுகளுக்கு அழுக்கா இருந்தாப் பிடிக்காது" என்றார். பிறகு என் வாசலைப் பார்த்து, "உங்க வீட்டு சார் செருப்பும் புதுசு மாதிரியே இருக்கே. பாத்து நடப்பாவ போல" என்றார்.

"ஆமாங்க, ரொம்ப அமைதியான மனுசன்."

கறிவேப்பிலைச் செடியைப் பற்றி ஒரு வார்த்தை. மழையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்னும் நின்று பேசலாம் என்று இருந்தது. அவருக்கும் எழுந்து போக மனசில்லை என்று பட்டது. ஆனால் வீட்டில் ஆம்பளை இருக்கும்போது வாசலில் பிடித்து நிறுத்திப் பேசினால் நன்றாக இருக்காது. "சரிங்க, அவர் தேடுவாரு" என்று நான் உள்ளே வந்துவிட்டேன்.

உள்ளே வந்து சித்த நேரம் சும்மா நின்றேன். தவளை. அரை மணிக்கு மேல் விடவில்லை. ஷூ தினமும் அதே இடத்தில், அதே கோணத்தில் இருப்பதை ஏனோ அப்போது நினைத்தேன். பாவம், அந்த மனிதரால் எழுந்து நிற்கவே முடியாதோ என்னவோ.


ஆகஸ்ட் 28, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். "நாளைக்கு உங்க ஹஸ்பெண்ட் கூட வர்றாருங்களா?" செருப்புக்காரரைத் திடீரென்று வெளியூர் அனுப்பிவிட்டேன். "பரவால்லீங்கம்மா, பன்னெண்டாந்தேதி வெச்சுக்கலாம்" என்று அந்தப் பெண் தன்மையாகச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.


செப்டம்பர் 2, திங்கள்

யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். சுந்தராம்பாள் மகளோடு புனேயில் இருக்கிறாள். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறவர்கள், பூ படம் போட்டு. பூ படத்துக்குப் பதிலாக "எனக்கு ஒரு ராத்திரி துணைக்கு வர முடியுமா?" என்று அனுப்பினால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தேன். அழித்தேன். நானும் ஒரு பூ அனுப்பினேன்.


செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. அளவு தெரியாமல் மாவு பிசைந்துவிட்டேன். அம்மா இருந்தபோது பிசைந்த அளவுதான் கைக்குத் தெரிகிறது. கொழுக்கட்டை ஒரு தட்டு நிறைய மிஞ்சியது. எதிர்வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அவர்கள் கிறிஸ்தவர்கள், படையல் வைத்ததைச் சாப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று படைக்காததாகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்தேன். தட்டை மூடிக்கொண்டு அவர்கள் கதவு வரை போய் நின்றேன். உள்ளே அவர் குரல், கத்தரிக்காய் விலையைப் பற்றி ஏதோ. பேச்சுக்கு நடுவே போய் நிற்பானேன் என்று திரும்பிவிட்டேன்.

கொழுக்கட்டை ஃபிரிட்ஜில் இருக்கிறது. காலையும் மதியமும் துள்ளல். பிள்ளையாரப்பா, குறை சொல்லவில்லை. கையும் காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. வேளைக்குச் சோறு இருக்கிறது, தலைக்கு மேல் கூரை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நன்றி. ஒரு ஆள் மட்டும்தான் கேட்கிறேன், அதுவும் ஒரு ராத்திரிக்கு.


செப்டம்பர் 12, வியாழன்

போகவில்லை. ஃபோனை அணைத்து வைத்தேன். மாத்திரை டப்பா அலமாரி மேல் இருக்கிறது. நேற்றிலிருந்து எடுக்க மனம் எழவில்லை.


செப்டம்பர் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா நர்ஸுடையது. டைரியை வீட்டிலிருந்து ஞானப்பூ அக்கா எடுத்து வந்தார். ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். முதல் பக்கத்தையாவது படித்திருக்கிறார் என்று முகமே சொல்கிறது. படிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சி இறக்கினேன். தவளை வந்தது. வழக்கம்போல அடங்கும் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். அடங்கவில்லை. வேர்த்து ஊற்றியது, கண் இருட்டியது, சுவர் கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. இப்படியே விழுந்தால் எப்போது யார் வந்து பார்ப்பார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. பால்காரர் கதவில் பை மாட்டிவிட்டுப் போகிறவர். வாசலில் செருப்பு இருக்கிறதே, வீட்டில் ஆள் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். திருடன் வரக் கூடாதென்று வாங்கிய செருப்பு அத்தனை பேரையும் சேர்த்துத் தடுத்திருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயந்து போனேன். சாகப் பயமில்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எதிர்வீட்டு மணியை அடித்தேன். ஞானப்பூ அக்கா கதவைத் திறந்தார்.

"உங்க வீட்டுக்காரரக் கொஞ்சம் கூப்புடுங்க. என்னைத் தூக்கோணும்" என்றேன். அதற்குள் கால் மடங்கி அந்தக் கறுப்பு ஷூவின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தன் வீட்டுக்குள் திரும்பவில்லை. என்னைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, நேராக என் வீட்டுக்குள் ஓடினார். "சார், சார், வெரசா வாங்க, அம்மா விழுந்துட்டாவ." கூடத்தில் கேட்டது, படுக்கை அறையில் கேட்டது. பிறகு குளியலறைக் கதவைத் தட்டுகிற சத்தம். "சார், உள்ள இருக்கியளா?"

அவர் திரும்பி வந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

"எங்க போயிருக்காவ?"

"அங்க யாரும் இல்லீங்க" என்றேன். "எப்பவுமே இல்லீங்க. உங்க வீட்டுக்காரரக் கூப்புடுங்க."

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த வீட்டுக்குள் ஆண் குரல் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. இன்று சின்ன வெங்காயம் என்ன விலை என்று சொன்னது.

"அது ரேடியோம்மா" என்றார். "அவுக செத்து ஆறு வருசமாச்சு."

எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், நான் சிரித்தேன். நெஞ்சு அடித்துக்கொள்ள, மூச்சு வாங்க, ஷூவின் மேல் உட்கார்ந்து சிரித்தேன். அவருக்கும் சிரிப்பு வந்து, சிரிக்கும்போதே அழுகையும் வந்து, முந்தானையால் என் வேர்வையையும் தன் கண்ணையும் மாற்றி மாற்றித் துடைத்தார். எட்டு மாதமாக எட்டடி தூரத்தில் அவர் வீட்டுக்காரருக்கு நான் பயந்து, என் வீட்டுக்காரருக்கு அவர் பயந்து.

பிறகு எல்லாம் அவர் ராஜ்ஜியம். படிக்கட்டில் நின்று போட்ட சத்தத்தில் செயலாளர், வாட்ச்மேன் எல்லோரும் வந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து என்னை லிஃப்டில் இறக்கினார்கள். ஆட்டோவில் ஏறும்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். அவசரத்தில் வாசலில் கிடந்ததை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். ஒன்பதாம் நம்பர். வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அந்தச் செருப்பு தெருவில் நடந்தது.

ஐ.சி.யூ. வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார். "நீங்க பேஷண்ட்டுக்கு என்ன வேணும்?"

"எதிர்வீடு."

"சொந்தக்காரங்களுக்குத்தாங்க பாஸ்."

"சொந்தம் ஓசூர்ல இருக்கு. தூக்கிட்டு வந்தது எதிர்வீடு. எதிர்வீடுன்னே எழுதுங்க, நான் இங்கனதான் இருப்பேன்" என்று சொல்லி, வழியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். செக்யூரிட்டி அக்காவையும் அவர் காலில் கிடந்த ஆம்பளைச் செருப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா" என்று எழுதிப் பாஸைக் கொடுத்தாராம். யார் பெற்ற பிள்ளையோ, அவருக்குப் புண்ணியம்.

நேற்று டாக்டர் பானு வந்தார். "ஹஸ்பெண்ட் எங்கம்மா?" என்றார்.

"செருப்பு மட்டுந்தாங்க டாக்டர் இருக்குது" என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை விட்டதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு அந்தக் கேள்வியை நான் சட்டுனு தாண்டியிருக்கக் கூடாது" என்றார். ஞானப்பூ அக்காவைப் பார்த்து, "நீங்க கூட இருக்கறதால துடிப்பு தானா சரியாயிடாது. மாத்திரையும் வேணும், சிகிச்சையும் வேணும். ஆனா நீங்களும் வேணும்" என்றார்.

"மாத்திரை விட்டா நான் விடமாட்டேன்" என்றார் அக்கா.


செப்டம்பர் 16, திங்கள்

ஓசூரில் தம்பி இருப்பதை ஆட்டோவிலேயே அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர் ஃபோன் பண்ணி, தம்பி வந்தான். கட்டில் பக்கத்தில் நின்று, "எனக்கொரு ஃபோன் பண்ணக் கைக்கு வலிச்சுதாக்கா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சுமையைக் கூட்டக் கூடாது என்று நினைத்தேன். கூப்பிடாமல் இருந்ததுதான் பெரிய சுமையாகப் போயிற்று. முட்டி வலியோடு அவன் மனைவி எனக்கென்று ரவா உருண்டை பிடித்து அனுப்பியிருந்தாள்.


செப்டம்பர் 17, செவ்வாய்

தொடை வழியாகக் குழாய் விட்டுச் சுட்டார்கள். நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள். அசையாமல் படுக்க வேண்டும், கை மட்டும் எழுதுகிறது. கண் விழித்தபோது நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார் அக்கா. குறட்டை வேறு. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று.


செப்டம்பர் 21, சனி

வீடு. அக்கா கஞ்சி வைத்தார். சாயந்தரம் ஷூவுக்குப் பாலிஷ். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராம். ஷூ அழுக்காக இருந்தால் பிள்ளைகளை மைதானத்துக்குள் விட மாட்டாராம். மகன் தனக்குக் கோயமுத்தூரில் வேலை என்று ஊரிலிருந்து கூட்டி வந்து, மூன்றாம் மாதமே இந்த வீட்டில் குடிவைத்துவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டான்.

"திருடனுக்குப் பயந்து வைக்கலை வசந்தாமணி" என்றார். "சாயங்காலம் கோயிலுக்குப் போயிட்டு வரும்போது ஷூ வெளிய கெடந்தா, உள்ள இருக்காவன்னு ஒரு நிமிசம் தோணும். அந்த ஒரு நிமிசத்துக்குத்தான்."

பாலிஷ் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.


செப்டம்பர் 29, ஞாயிறு

செருப்பைத் திருப்பித் தர மாட்டாராம். "கால் வீங்குத ஒடம்புக்கு இதுதான் தோதா இருக்கு. இனி நீங்க வேற வாங்கிக்கிடுங்க." வேறு வாங்கப் போவதில்லை. சட்டையையும் கொடியிலிருந்து எடுத்துவிட்டேன். தரை துடைக்க நல்ல துணி. "ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரு ஆம்பள போதும். எங்க வாத்தியாரு நிப்பாவ காவலுக்கு" என்று அக்கா ஷூவை இரண்டு கதவுக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார்.

துள்ளல் இடையிடையே எட்டிப் பார்க்கிறது. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், மாத்திரை தொடர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலையும் மாலையும் எதிர் வாசலிலிருந்து "போட்டாச்சா?" என்று ஒரு சத்தம் வருகிறது. அதுதான் என் அலாரம்.


அக்டோபர் 6, ஞாயிறு

அக்கா ஜெபத்துக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்தார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு அவருக்கு மட்டும் தனிச் சட்டியில். நான் தொட மாட்டேன், ஆனால் வாசனையைப் பொறுத்துக்கொள்கிறேன். ரேடியோ இப்போது என் வீட்டு அடுப்படியில் இருக்கிறது, குரலைக் குறைத்து. அதை மீறி இரண்டு பேர் பேச வேண்டியிருக்கிறதே.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வாசலில் கூரியர். தம்பி ஏதோ அனுப்பியிருக்கிறான். கதவைத் திறக்கும் முன், நினைக்காமலே, பழைய வழக்கப்படி வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தேன்.

"நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்."

"நான் ஏன் படுக்கேன், அடுப்புல கொழம்பு கெடக்கு" என்றது அடுப்படி. "வாங்கிட்டு சட்டுனு கதவச் சாத்துங்க, பூனை வருது."

கதவுப் பிடியில் வைத்த கை அப்படியே நின்றது. அத்தனை வருடம் யார் யாருக்கோ நம்பர் தேடிக் கொடுத்தவள் நான். என் வீட்டுக்குள் நான் கொடுத்த குரலை மறுமுனையில் இன்றுதான் எடுத்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்தேன். வெளியே ஒன்பதாம் நம்பர் செருப்பு, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, மழைச் சேறு காய்ந்து கிடந்தது. கூரியர் பையன் அதைத் தள்ளிவிட்டு நின்று, "வீட்ல ஆள் இருக்காங்களாம்மா, ஃபோன் போட்டேன் எடுக்கல" என்றான்.

"இருக்காங்க சாமி" என்றேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, வேலையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு அழைப்பையும் முடித்தது போலவே அவனிடமும் சொன்னேன்: நன்றி, வணக்கம்.